வேற்றுக்கிரகத்தில் வேர் தேடியவர்கள்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் வழியில், நார்த்தாமலையின் மேலமலைச் சரிவில் மேற்கு நோக்கி நிற்கும் விஜயாலய சோழீச்சரம், சோழ அரசனின் திருநாமத்தைத் தாங்கி நின்றாலும், அதை முதலில் கல்லால் எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் என்பதையும், மழையால் சிதைந்த பிறகு அதைப் புதுப்பித்தவர் மல்லன் விடுமன் என்பதையும் அங்குள்ள கல்வெட்டே நமக்குச் சொல்கிறது. அந்தக் குன்றுகளைச் சுற்றி ஒரு காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்ற வணிக நகரம் செழித்திருந்தது. கடல் கடந்து வர்த்தகம் செய்த ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் சபையோடு இந்த வட்டாரத்துக்கு நெருங்கிய சம்பந்தம் இருந்தது. அந்த ஐந்நூற்றுவரின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 பிப்ரவரி 11 அன்று, உலகெங்கும் வெளியான ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் மறுபடியும் உச்சரிக்கப்பட்டது என்பது நம் மாவட்டத்து வாசகர்கள் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். ‘சிவிலைசேஷன்’ என்ற சரித்திர வியூக விளையாட்டு வரிசையின் ஏழாம் பாகத்தில் சோழரைத் தேர்ந்து ஆடுகிறவர் தம் நகரத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற பழைய வணிகக் குழுக்களின் பெயர் கொண்ட கட்டடங்களை ஒரே இடத்தில் அமைத்தால், அவை இரண்டும் சேர்ந்து ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு வணிகப் பேட்டையாகும். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்புவதில் சோழருக்கு அங்கே தனிச் சலுகையும் உண்டு.

இப்படிச் சரித்திரத்தையே மூலதனமாகக் கொண்ட அந்த விளையாட்டு வரிசை, 2014-ஆம் ஆண்டில் சரித்திரம் முழுவதையும் பூமியிலேயே விட்டுவிட்டு, எதிர்கால மனிதர்களை ஏற்றிக்கொண்டு வேற்றுக் கிரகம் ஒன்றுக்குப் புறப்பட்டது. ‘பியாண்ட் எர்த்’ என்ற அந்தக் கிளைப் படைப்பை அபிமானிகள் எப்படி வரவேற்றார்கள், ஏன் அவர்களில் பெரும்பகுதியினர் சில வாரங்களுக்குள் மனம் சோர்ந்தார்கள் என்பதை ஆராயும்போது, விளையாட்டைப் பற்றி மட்டுமல்லாமல், ஒரு ஜனசமூகம் இடம்பெயர்ந்து செல்லும்போது எதை எடுத்துச் செல்கிறது என்பதைப் பற்றியும் நாம் சிந்திக்க நேர்கிறது. கடல் கடந்து போய்ப் பிழைத்த பல தலைமுறைகளைத் தன் வீட்டுக் கூடங்களில் படங்களாக மாட்டி வைத்திருக்கும் இந்த மாவட்டத்தில் அந்தச் சிந்தனைக்கு விசேஷமான இடம் உண்டு.

விளையாட்டை அறியாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து உருவாக்கி 1991-இல் வெளிவந்த முதல் ‘சிவிலைசேஷன்’, கி.மு. 4000-இல், வெற்று நிலத்தில் நிற்கும் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு ஆரம்பிக்கிறது. அவர்கள் ஓர் ஊரை நிறுவுகிறார்கள். வயலும் பாதையும் அமைக்கிறார்கள். மட்பாண்டம், எழுத்து, சக்கரம் என்று ஒவ்வொரு வித்தையாகக் கற்று, அண்டை அரசுகளோடு வர்த்தகமோ யுத்தமோ நடத்தி, அதிசயக் கட்டடங்களை எழுப்பி, ஆறாயிரம் ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். சதுரங்கத்தைப் போல முறை வைத்து ஆடுவதால் அவசரம் என்பதே இல்லை; ஆனால் இன்னும் ஒரே ஒரு முறை ஆடிவிட்டு எழுந்து விடலாம் என்று நினைத்தவர்கள் பொழுது விடிந்ததைக் கண்டு திகைப்பது இந்த விளையாட்டின் அபிமானிகள் எல்லோருக்கும் பொதுவான அனுபவம். இதில் வெற்றி பெறும் வழிகளில் ஒன்று, ஆல்பா சென்டாரி என்ற நட்சத்திரத்துக்கு விண்கலம் ஒன்றை அனுப்பி வைப்பது. கலம் போய்ச் சேர்ந்ததும் விளையாட்டு முடிந்துவிடும். போன மனிதர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்ற கேள்வி அபிமானிகளின் மனத்தில் விதையாக விழுந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு 1999-இல் ஒரு பதில் கிடைத்தது. சிட் மையர் தொடங்கிய ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தில் பிரையன் ரேனால்ட்ஸின் தலைமையில் உருவான ‘ஆல்பா சென்டாரி’, ‘சிவிலைசேஷன்’ என்ற பெயரை உபயோகிக்கும் உரிமை கையில் இல்லாத நிலையிலும், அதன் உண்மையான வாரிசாகவே அபிமானிகளால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் தேசங்கள் இல்லை. பயணத்தின்போது பிளவுபட்டுப் போன ஒரே கப்பலின் மனிதர்கள், ஏழு கொள்கைகளின் பெயரால் ஏழு கூட்டங்களாகப் பிரிந்து நிற்கிறார்கள். அவற்றுள் ஐக்கிய நாடுகள் சபையின் லட்சியத்தை விடாமல் பற்றிக்கொண்டு நிற்கும் கூட்டத்தின் தலைவர் பிரவீன் லால் என்ற இந்திய மருத்துவர். ஒவ்வொரு விஞ்ஞான முன்னேற்றம் சித்திக்கும்போதும், அந்தத் தலைவர்களின் நூல்களிலிருந்து எடுத்தவை போன்ற வாசகங்களும், பழைய தத்துவ ஞானிகளின் மெய்யான வாசகங்களும் மாறி மாறி ஒலிக்கும். இல்லாத நூல்கள், நடக்காத விவாதங்கள், இன்னும் பிறக்காத மனிதர்களின் மனஸ்தாபங்கள் ஆகிய இவையெல்லாம் கேட்கக் கேட்க ஒரு பழைய சரித்திரமாகவே நெஞ்சில் படிந்தன. அந்தக் கிரகமும் வெறும் மேடையாக இராமல், மெல்ல மெல்ல விழித்துக்கொள்ளும் ஒரு பிரக்ஞையாக ஆடுகிறவரோடு பேசத் தொடங்கியது. எதிர்காலத்தைக் கற்பிப்பவன் அந்த எதிர்காலத்துக்கென்று ஒரு பூர்வகாலத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற ரகசியத்தை அதைப் படைத்தவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால், 2014 ஏப்ரலில் பாஸ்டன் நகரத்து விழா ஒன்றில் ‘பியாண்ட் எர்த்’ அறிவிக்கப்பட்டபோது எழுந்த உத்ஸாகத்தைச் சாதாரண விளம்பரப் பரபரப்பு என்று தள்ளிவிட முடியாது. பதினைந்து ஆண்டுகளாக ‘ஆல்பா சென்டாரி’க்கு ஒரு வாரிசு பிறக்காதா என்று ஏங்கியிருந்தவர்கள், ஃபிராக்ஸிஸ் நிறுவனமே, ‘சிவிலைசேஷன்’ என்ற பெயரோடேயே, மறுபடியும் நட்சத்திரங்களை நோக்கிப் புறப்படுகிறது என்று கேட்டதும் மகிழ்ந்து போனார்கள். வில் மில்லர், டேவிட் மெக்டனோ என்ற இரு இளம் வடிவமைப்பாளர்கள் அதற்குப் பொறுப்பேற்றிருந்தார்கள். அக்டோபர் 24 அன்று விளையாட்டு வெளியாயிற்று. விமர்சகர்கள் பொதுவாக நல்ல மதிப்பெண்களே கொடுத்தார்கள். மனக்குறை முதலில் எழுந்தது விலை கொடுத்து வாங்கி, பல இரவுகள் கண்விழித்து ஆடிய அபிமானிகளிடமிருந்துதான்.

அவர்கள் பாராட்டியவற்றை முதலில் சொல்வது நியாயம். பழைய விளையாட்டுகளில் மரம் போலக் கிளைத்து மேலே செல்லும் விஞ்ஞான வரிசைக்குப் பதிலாக, நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் ஒரு சிலந்தி வலையை இதில் வைத்திருந்தார்கள். எந்த வித்தைக்குப் பின் எது என்ற நிர்ப்பந்தம் குறைந்தது. மனித இனம் எதிர்காலத்தில் எப்படி மாறவேண்டும் என்பதற்கு மூன்று மார்க்கங்கள் இருந்தன. அந்நிய கிரகத்தின் உயிர்களோடு உடலாலும் கலந்துவிடுவது ஒன்று. யந்திரங்களோடு ஐக்கியமாவது மற்றொன்று. மனிதன் மனிதனாகவே நின்று கிரகத்தைத் தன் விருப்பப்படி திருத்திக்கொள்வது மூன்றாவது. எந்த மார்க்கத்தைக் கைக்கொள்கிறோமோ அதற்கேற்பப் படைவீரர்களின் தோற்றமும் நகரங்களின் தோற்றமும் மாறிக்கொண்டே வரும். விண்ணில் உபகிரகங்களை நிறுத்தும் வசதியும் புதியது. இவையெல்லாம் நல்ல கற்பனைகள் என்பதில் ஆடியவர்களுக்குள் அதிகமான அபிப்பிராய பேதம் இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. எட்டுக் கூட்டங்களின் தலைவர்களில் எவரும் மனத்தில் தங்கவில்லை என்று அபிமானிகள் சொன்னார்கள். பழைய விளையாட்டில் காந்தியடிகள் எதிரே வந்து நின்றால், அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த அனைத்தும் அவரோடு வந்து நிற்கும். காந்தி அணுகுண்டு போடுகிறார் என்று இந்த வரிசையின் அபிமானிகளிடையே பரவிய கர்ணபரம்பரைக் கதைக்கு ஆதாரம் என்று சொல்லப்பட்ட பிழை உண்மையில் இருந்ததே இல்லை என்று சிட் மையர் தம் 2020-ஆம் ஆண்டுச் சுயசரிதையில் மறுத்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கதை அத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், அஹிம்சையின் மூர்த்தியாகிய ஒருவரைப் பற்றி எல்லோர் மனத்திலும் முன்னமே பதிந்திருந்த எண்ணமே. ‘பியாண்ட் எர்த்’தில் நம் உபகண்டத்தின் பிரதிநிதியாக வரும் கவிதா தாக்கூர் ஒரு ஞானத் தலைவி; கவிதன் என்ற பெயரால் வழங்கும் ஓர் அரசின் அதிபதி. அவளுக்குச் சாந்தமான முகமும் கம்பீரமான தோற்றமும் இருக்கின்றன. ஆனால் அவள் எந்த ஆற்றங்கரையில் வளர்ந்தாள், எந்தத் துயரத்தைப் பார்த்தாள், எந்தப் பாடலை முணுமுணுத்துக்கொண்டு கப்பல் ஏறினாள் என்று ஆடுகிறவருக்கு உணர்த்த விளையாட்டு சிரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதிசயக் கட்டடங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. நெடுநேரம் பாடுபட்டு ஒன்றைக் கட்டி முடித்தால் ஒரு வரைபடம் தோன்றி மறையும். வெற்றியின் முடிவிலும் ஒரு சித்திரமும் சில வரிகளுமே மிஞ்சும். இது ஐந்தாம் பாகத்துக்கு வேறு சாயம் பூசியதுதான் என்று பலர் சலித்துக்கொண்டார்கள்.

இந்தச் சலிப்பைப் பழமையில் ஊறியவர்களின் பிடிவாதம் என்று சொல்லித் தள்ளியவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சரித்திர விளையாட்டில் பாதி விளையாட்டைப் படைப்பவர் தருகிறார். மறுபாதியை ஆடுகிறவர் தம் ஞாபகத்திலிருந்து கொண்டு வருகிறார். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்த ஒருவன் சோழரின் கதையை ஆடும்போது அவனுக்குள் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயராலும் எழுப்பிய மூன்று விமானங்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே இருக்கிறது. அவன் பிறந்த இருக்குவேளிர் குலத்தோடு சோழர் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவு வளர்த்தார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வரும் வானதி இந்த ஊர் இளவரசிதான். இத்தனையும் அறிந்தவன் சோழ நாட்டு நகரம் ஒன்றின் பெயரைத் திரையில் காணும்போது, விளையாட்டைப் படைத்தவர் எழுதாத அத்தியாயங்களையும் அவன் மனமே எழுதிக்கொள்ளும். எதிர்கால விளையாட்டுக்கு இந்த உதவி கிடைக்காது. அங்கே ஆடுகிறவர் வெறுங்கையோடு வருகிறார். ஆகவே இரு பாதிகளையும் படைப்பவரே தந்தாக வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால், அதற்கான வாசலை ‘பியாண்ட் எர்த்’ தானே திறந்து வைத்திருந்தது. விளையாட்டு தொடங்கு முன், கப்பலில் யாரை ஏற்றுவது, எதை ஏற்றுவது என்று ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். விஞ்ஞானிகளா, அகதிகளா, கலைஞர்களா, செல்வர்களா, எஞ்சினீயர்களா? ஆயுதமா, ஆய்வுக்கூடமா? இதைவிட உருக்கமான கேள்வி ஒரு விளையாட்டில் எழ முடியுமா? ஆனால் அகதிகளை ஏற்றினால் உணவு கொஞ்சம் கூடுகிறது; கலைஞர்களை ஏற்றினால் பண்பாட்டுக் கணக்கு கொஞ்சம் கூடுகிறது; அவ்வளவோடு அந்தக் கேள்வி கணக்கில் கரைந்து விடுகிறது.

மனிதர்கள் அப்படிக் கப்பல் ஏறுவதில்லை என்பதற்கு இந்த மாவட்டமே சாக்ஷி. திருமயம் வட்டத்தில் ராயவரம், குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை முதலிய ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வட்டித் தொழிலுக்காகப் போன நகரத்தார், பெட்டியும் கணக்குப் புத்தகமும் கொண்டு போனதோடு, போன இடமெல்லாம் முருகனையும் கொண்டு போனார்கள்; சிங்கப்பூரின் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழுந்தது, தைப்பூசம் அந்த நகரத்தின் உற்சவமாயிற்று. போன இடத்தில் ஈட்டிய பொருள் திரும்பி வந்து இங்கே பர்மாத் தேக்குத் தூண்களாக நின்றது. கூலிகளாகப் போனவர்கள் இன்னும் குறைவாகவே கொண்டு போனார்கள். ஆயினும் குலதெய்வத்தின் பெயரையும் தாலாட்டையும் தோட்டக்காடுகளில் இறக்கி வைத்து அங்கேயே வேரூன்றச் செய்தார்கள். புதிய மண்ணில் காலூன்றுவது என்பது பழையதைக் கொண்டுபோய் நடுவதும், அது அந்த மண்ணில் வேறொன்றாகத் திரிந்து வளர்வதைக் கண்டு வியப்பதும் ஆகும். ‘பியாண்ட் எர்த்’தின் குடியேற்றக்காரர்கள் எதையும் நட்டதாகத் தெரியவில்லை. அபிமானிகள் தேடியது இந்த நடவைத்தான் என்பது என் துணிபு.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். சரித்திரம் என்பது எல்லோருக்கும் சமமான செல்வம் அல்ல. வென்றவனுக்கு ஞாபகமாக இருப்பது தோற்றவனுக்குக் காயமாக இருக்கிறது. ஆகையால் பழைய அரசுகளின் பெயரே இல்லாத ஒரு கிரகத்தில் எல்லோரும் ஒரே நிலையிலிருந்து தொடங்குவது விடுதலை அல்லவா என்று சிலர் கேட்டார்கள். நான்கு பக்கமும் ஆங்கில ஆட்சி சூழ்ந்திருந்த காலத்தில் தொண்டைமான் மன்னர்களின் கீழ்ச் சமஸ்தானமாகவே நீடித்து, 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு ஐக்கியமான இந்தப் புதுக்கோட்டைக்கு, சரித்திரத்தில் பெருமையும் சங்கடமும் கலந்தே இருக்கும் என்பது தெரியாததல்ல. ஆனால் அந்தக் கிரகமும் வெற்று நிலமாக இருக்கவில்லையே! அங்கே பூர்வீகமாக வாழும் ஜீவராசிகள் இருந்தன. அவற்றின் கூடுகளை அழித்தால் அவை சீற்றம் கொள்ளும்; விட்டுவைத்தால் பெரும்பாலும் தம் வழியே போகும். அவற்றோடு கூடி வாழும் மார்க்கமும், அவற்றை வேரறுக்கும் மார்க்கமும் ஆடுகிறவரின் முன் இருந்தன. இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி எது என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். குடியேற்றத்தின் பாவ புண்ணியங்களை, எந்த நாட்டின் பெயரையும் சொல்லாமல், அது ஆடுகிறவரின் மனச்சாட்சிக்கு முன் கொண்டு வந்து நிறுத்தியது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் ‘ரைசிங் டைட்’ என்ற விரிவாக்கம் வந்தது. நகரங்கள் கடல்மீது மிதந்தன. மார்க்கங்களைக் கலந்து கைக்கொள்ள முடிந்தது. பழம்பொருள்களைத் தோண்டி எடுத்துச் சேர்க்கும் ஏற்பாடு ஒன்றும் வந்தது. கடைசியில் சொன்னது கவனிக்கத்தக்கது: சரித்திரம் வேண்டும் என்ற கோரிக்கை படைத்தவர்களின் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் ஏமாந்து விலகியவர்களில் பலர் திரும்பவில்லை. 2016-இல் ஆறாம் பாகம் பூமிக்கே திரும்பி வந்தது.

எதிர்காலம் என்றாலே அபிமானிகள் முகம் சுளிப்பார்கள் என்ற முடிவும் தவறு. சரித்திர நகரங்களைக் கட்டும் ‘அன்னோ’ என்ற ஜெர்மானிய வரிசை, 1404-ஆம் ஆண்டைப் பற்றிய பாகத்துக்குப் பிறகு, 2011-இல் திடீரென்று ‘அன்னோ 2070’ என்று எதிர்காலத்துக்குத் தாவியபோது அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. கடல் மட்டம் உயர்ந்து தாழ்நிலங்கள் மூழ்கிய உலகம் அது. இயற்கையைக் காப்பவர்களும், கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்ப்பவர்களும் மிச்சமிருக்கும் தீவுகளில் போட்டியிடுகிறார்கள். இன்றைய நம் வாழ்க்கையின் பலன் அங்கே நாளைய நிலமாக விரிகிறது. அதனால் ஆடுகிறவருக்கு அது அந்நியமாகப் படவில்லை. அதே வரிசை 2015-இல் சந்திரனுக்கே சென்றபோது பழைய அபிமானிகள் அவ்வளவாக ஒட்டவில்லை. 2019-இல் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் திரும்பியபோது ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

‘சிவிலைசேஷன்’ ஆறாம் பாகத்துக்கு 2019 பிப்ரவரியில் வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ என்ற விரிவாக்கமும் இதையே உறுதிப்படுத்துகிறது. புயல், வெள்ளம், வறட்சி, எரிமலை ஆகியவை அதில் விளையாட்டின் அங்கங்களாயின. கரியை எரிக்க எரிக்கக் கடல் ஏறி வந்து கரையோர நிலங்களை விழுங்கியது. சரித்திரத்தின் கடைசியில் எதிர்கால யுகம் ஒன்று தொடர்ந்து வந்து, தூரத்துக் கிரகம் ஒன்றுக்குக் கலம் அனுப்புவதில் முடிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஆஸ்தியை ஓர் இரவில் தரைமட்டமாக்கியிருந்தது. தோப்பை இழந்த வீட்டுப் பையன் அந்த விளையாட்டில் புயலின் கண் தன் நகரத்தை நோக்கி நகர்வதைக் காணும்போது, எதிர்காலம் என்பது அவனுக்கு வேற்றுக் கிரகத்துச் சங்கதியாக இராது.

சரித்திரத்தைப் புதைத்துவிட்டுப் புறப்படும் எதிர்காலத்தை அபிமானிகள் ஏற்கவில்லை. சரித்திரத்திலிருந்து கிளைத்து வரும் எதிர்காலத்தை விரும்பி ஏற்றார்கள். எந்தத் தேசத்தின் வாலிபர்களானாலும் இந்த விஷயத்தில் அவர்கள் ரசனை ஒன்றாகவே இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

தமிழ்நாட்டிலும் விளையாட்டுகளைப் படைக்கும் இளைஞர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்களில் எவரேனும் எதிர்காலக் குடியேற்றத்தைப் பற்றி ஒரு வியூக விளையாட்டு இயற்ற நினைத்தால், அவர்கள் முதலில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஜீவநதி ஓடாத இந்த வறண்ட பூமியில், பெய்கிற மழையைத் தேக்கி வைத்தே மக்கள் நகரமும் கோயிலும் கண்டார்கள். ஏரியின் நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் உள்ள குமிழித் தூம்பில் தண்ணீர் போக ஒரு துளையும், வண்டலை வெளியேற்றச் சேறோடி என்ற துளையும் இருக்கும். தூம்பை அமைத்தவர் இன்னார் என்று அத்தூண்களில் எழுதி வைத்தார்கள். யார் வயலுக்கு எந்த முறையில் நீர், கரை உடைந்தால் யார் அடைப்பது, கடைமடைக்காரன் பங்கை யார் காப்பது என்பனவெல்லாம் ஆயிரம் ஆண்டுகள் இங்கே ஊர் கூடிப் பேசித் தீர்த்த வியூகங்கள். காற்றும் நீரும் அளந்து பகிர வேண்டிய ஓர் அந்நிய கிரகத்தில் இறங்கும் கூட்டத்துக்கு, கண்மாய்க்கரையில் பிறந்த ஒரு நீர்ப்பாய்ச்சியைத் தலைவனாக வைத்து, அவன் தன் ஊர் முறையை அங்கே நிலைநாட்டப் பாடுபடுவதையும், அந்த முறை அங்கே எப்படி மாறிப் போகிறது என்பதையும் ஆட்டமாக அமைத்தால், ‘பியாண்ட் எர்த்’தின் எட்டுத் தலைவர்களிடமும் அபிமானிகள் தேடிக் காணாத உயிர் அந்த ஒருவனிடம் இருக்கும்.